சுவரொட்டியும் மூவிடமும்
சோவியத் விளம்பரக் கலை பற்றிய ஒரு நோக்கு

விளம்பரம் நவீன முதலாளித்துவத்தோடு பிறந்த ஒன்று எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அது முழு உண்மையன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வரிசைப்படுத்துகின்றது. தெய்வத்தைக் குறித்த கொடியும், வாதுக்கு அழைத்த புலவரின் கொடியும், கலங்களின் கொடியும் பறந்த அதே வானிற் கள் விற்கும் மனையின் கொடியும் பறந்தது. பண்டம் இருக்கும் இடத்தை வழிப்போக்கனுக்கு அறிவித்தல் சந்தையின் இயல்பான தொழில். அந்த அறிவிப்புப் பாடலுக்குள் இடம்பெறுவதற்குப் பண்டைப் புலவன் தடை கூறவில்லை.

எனினும் பிற்காலத் தமிழ்த் திறனாய்வு இத்துறையைத் தன் எல்லைக்கு அப்பால் நிறுத்தியே வந்துள்ளது. கவிதையும் நாவலும் நாடகமும் ஆராயப்பட்ட அளவுக்குக் கடைச்சுவரில் ஒட்டப்பட்ட தாள் ஆராயப்படவில்லை. ஈழத்தில் முற்போக்கு இலக்கியம் பற்றி நடந்த விவாதங்களிலும் 'மக்கள் கலை' என்ற சொல் பெரும்பாலும் எழுத்தையும் கூத்தையுமே குறித்து நின்றது. மக்கள் நாள்தோறும் பார்த்த படங்கள், அவர்கள் வாங்கிய சவர்க்காரத்தின் உறையும் தீப்பெட்டியின் முகப்பும், கலை என்ற கணக்கிற் சேரவில்லை.

இக்குறையை உணர்த்தும் உதாரணமாக 1923 முதல் 1925 வரை மொஸ்கோவில் உருவான விளம்பரச் சுவரொட்டிகள் அமைகின்றன. அவற்றைத் தனித்து வியப்பதாற் பயன் சிறிது. தமிழர் வாழ்வோடு தொடர்புடைய வேறு இரு விளம்பர மரபுகளோடு அவற்றை ஒப்பிடும்போதே அவற்றின் பெறுமதியும் குறையும் புலனாகும். அம்மரபுகளுள் ஒன்று இலங்கைத் தேயிலையை உலகுக்கு விற்ற படம். மற்றையது சிவகாசியில் அச்சான நாட்காட்டி. இம்மூன்றையும் அளப்பதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவியைத் தருகின்றது. ஒரு விளம்பரம் யாரைத் தன்மையிலும், யாரை முன்னிலையிலும், யாரைப் படர்க்கையிலும் நிறுத்துகின்றது என்பதே இங்குக் கேட்கப்படும் வினா.

1. கவிஞன் கடைக்கு வந்த கதை

1917இன் புரட்சிக்கு முன் ருஷ்ய நகரங்களில் விளம்பரக் கலை செழித்தேயிருந்தது. ஐனெம் போன்ற இனிப்பு நிறுவனங்கள் கொடிகளும் மலர்களும் சூழ்ந்த அழகிய பெண்களின் உருவங்களைக் கல்லச்சிற் பல வண்ணங்களில் வெளியிட்டன. அப்படங்கள் பண்டத்தைக் காட்டியதைவிட வாங்குவோர் அடைய விரும்பிய வாழ்க்கையையே மிகுதியாகக் காட்டின. புரட்சியின் பின் இந்நிறுவனங்கள் தேசியமயமாக்கப்பட்டன. ஐனெம் தொழிற்சாலை 1922இற் 'செந்நிற ஒக்டோபர்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நாட்டைச் சிதைத்த நிலையில், 1921இல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையை அறிமுகப்படுத்தினார். தனியார் வியாபாரம் ஓரளவுக்கு அனுமதிக்கப்பட்டது. இதனால் ஒரு புதுமையான நிலை தோன்றியது. மொசெல்ப்ரோம் என்ற உணவுப்பொருள் நிறுவனம், இறப்பர்ப் பொருள்களைச் செய்த ரெசினோட்ரெஸ்ட், கும் என்ற அரசாங்கப் பெருங்கடை ஆகியன தனியார் வியாபாரியோடு அதே சந்தையிற் போட்டியிட வேண்டியிருந்தது. வியாபாரியின் கையில் விளம்பரம் இருந்தது. அரசாங்கக் கடையின் கையில் அது இருக்கவில்லை.

இந்த இடத்திலேதான் கவிஞர் விளாதிமிர் மாயாகோவ்ஸ்கி வருகின்றார். உள்நாட்டுப் போர்க் காலத்திற் செய்தி நிறுவனமொன்றின் சாளரங்களுக்கென அவர் படமும் பாட்டுமாகச் சுவரொட்டிகள் செய்தவர். 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில், எதிரி பயன்படுத்தும் ஆயுதத்தை நாம் மட்டும் ஏன் கைவிட வேண்டும், நல்ல பண்டமாயினும் அது பலருக்கும் தெரியவேண்டாமா என்ற போக்கில் அவர் வாதிட்டார். ஓவியரும் புகைப்படக் கலைஞருமான அலெக்சாந்தர் ரொட்சென்கோ அவரோடு இணைந்தார். சொல் மாயாகோவ்ஸ்கியினது, உருவம் ரொட்சென்கோவினது. தம்மை 'விளம்பர நிர்மாணிகள்' என்ற பொருள்படும் பெயரால் அவர்கள் அழைத்துக்கொண்டனர். பிஸ்கற்று, சிகரெற்று, பியர், கைக்கடிகாரம், மழைச் சப்பாத்து, குழந்தையின் சூப்பி என எதையும் அவர்கள் இழிவென ஒதுக்கவில்லை.

சக கவிஞர் பலர் இதனை ஏளனஞ் செய்தனர். மாயாகோவ்ஸ்கியோ, மொசெல்ப்ரோமுக்குத் தாம் எழுதிய விளம்பரத் தொடரை மிக உயர்ந்த தரத்துக் கவிதையெனத் தம் சுயசரிதைக் குறிப்பிற் பதிவு செய்தார். இதனை வெறும் வீம்பு எனக் கொள்ளலாகாது. கவிதையின் தரத்தை அதன் பொருள் தீர்மானிப்பதில்லை, அது எத்தனை வாய்களில் வாழ்கின்றது என்பதே தீர்மானிக்கின்றது என்ற கொள்கை அதன் பின்னால் நிற்கின்றது. இக்கொள்கை தமிழுக்கு அந்நியமானதன்று. தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் பரவ வேண்டுமென 1920இற் பாரதியார் கனவு கண்டார். நூலுக்கு உவமையாகத் தீப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் தீப்பெட்டியை இழிவாக எண்ணியிருக்க முடியாது. பாரதியார் கவிதை தீப்பெட்டியைப் போலாக வேண்டும் என்றார். மாயாகோவ்ஸ்கி தீப்பெட்டியிடமே கவிதையைக் கொண்டு சென்றார்.

2. சூப்பியின் உருவமும் உள்ளடக்கமும்

ரெசினோட்ரெஸ்டுக்காக 1923இற் செய்யப்பட்ட சூப்பி விளம்பரம் இவ்வகையில் நன்கறியப்பட்டது. அதிற் கொழுகொழுவென்ற குழந்தை இல்லை. புன்னகைக்கும் தாயும் இல்லை. வட்டங்களாலும் கோணங்களாலும் கட்டப்பட்ட விநோதமான ஓர் உருவம் வாய் நிறையச் சூப்பிகளோடு பார்ப்போரை வெறித்து நோக்குகின்றது. தடித்த சதுர எழுத்துக்கள் மேலுங் கீழுமாக நிற்கின்றன. முதுமை வரை சூப்பத்தக்க சூப்பி இதுவே என்பது வாசகத்தின் சாரம். பார்ப்பவர் முதலிற் சிரிக்கின்றார், பின்னரே படிக்கின்றார்.

இச்சிரிப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. வழக்கமான விளம்பரம் தன் மிகைக்கூற்றை நம்புமாறு வேண்டும். இச்சுவரொட்டியோ தன் மிகையைத் தானே பகிரங்கப்படுத்துகின்றது. முதுமை வரை எவரும் சூப்பப் போவதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். இருவரும் அறிந்த ஒரு பொய்யை இருவரும் சேர்ந்து இரசிக்கும்போது ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் என்ற உறவு அற்றுப்போகின்றது. ஆற்றங்கரைச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் கூவி விற்பவரின் வாய்ச்சாலத்தை நம் கிராமத்தார் இரசிப்பதும் இம்முறையில்தான்.

உருவத்தில் இன்னுமொரு காரணம் உண்டு. எழுத்தறிவின்மையை ஒழிக்கும் ஆணை 1919 டிசம்பரிலேதான் பிறப்பிக்கப்பட்டிருந்தது. எழுத்தை அப்போதுதான் கூட்டத் தொடங்கிய தொழிலாளருக்கும் விவசாயிக்கும் சுழித்தும் நெளிந்தும் செல்லும் அலங்கார எழுத்து தடையாகும். அளவுகோலால் வரைந்த தடித்த எழுத்தும், எதுகையோடு வெட்டிச் செல்லும் சிறு அடிகளும், கலப்பற்ற இரண்டு மூன்று வண்ணங்களும் அவருக்கு ஒருவகை அரிச்சுவடியாயின. அக்கால அச்சு வசதியின் வறுமைக்கும் அவை ஏற்றனவாயிருந்தன. ஆகவே இவ்வுருவத்தை ஓவியரின் தனிமனித விசித்திரம் எனக் கொள்ளலாகாது. சமூகத் தேவையிலிருந்து பிறந்த உருவம் அது.

இதன் பின்னிருந்த தத்துவத்தை 1925இல் விமரிசகர் பொரிஸ் அரவதோவ் தம் கட்டுரையொன்றில் விளக்க முயன்றார். முதலாளித்துவத்திற் பண்டம் மனிதனை ஆள்கின்றது அல்லது அவன் பெருமைக்குச் சின்னமாகின்றது. புதிய சமுதாயத்தில் அது மனிதனின் செயலுக்குத் துணைக் கருவியாக வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குச் சென்ற ரொட்சென்கோவும் அந்நகரின் கடைச்சாளரங்களைக் கண்டு, நம் கையிலுள்ள பொருள்களும் தோழராக வேண்டுமென்ற கருத்தைத் தம் கடிதங்களில் எழுதினார். அக்கண்காட்சியில் இருவரின் விளம்பரங்களும் வெள்ளிப் பதக்கம் பெற்றமை குறிப்பிடத்தக்கது. 'செந்நிற ஒக்டோபர்' தொழிற்சாலையின் இனிப்புறையில் உழவு இயந்திரமும் புகையிரத இயந்திரமும் மாயாகோவ்ஸ்கியின் ஈரடிகளும் இடம்பெற்றன. அவ்வரிசைக்கு இடப்பட்ட பெயர் 'நமது தொழிற்றுறை' என்பதாகும்.

'நமது' என்ற இச்சொல்லே திறவுகோல். தமிழிற் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்துவது; 'நாங்கள்' என்பது அவரை வெளியே நிறுத்துவது. மொஸ்கோச் சுவரொட்டி தன் வாசகரோடு 'நாம்' என்று பேச முயன்றது. விற்பவர், வாங்குபவர், செய்தவர் என்ற மூவரையும் ஒரே சொல்லுள் அடக்க முயன்றது. அதன் கலைவெற்றியின் அடிப்படை இதுவாகும்.

3. 'நாம்' உடையும் இடங்கள்

ஆயினும் இதனை முற்றாகப் போற்றுதல் திறனாய்வாகாது. இந்த 'நாம்' எங்கெங்கே உடைகின்றது என்பதையும் காணவேண்டும்.

மழைச் சப்பாத்து விளம்பரங்களுள் ஒன்று மத்திய ஆசியாவின் கீழைத்தேச மக்களை நோக்கியது. ஒட்டகம் நல்ல சப்பாத்துக்களைக் கொண்டுவந்துள்ளது, வாங்குங்கள் என்பது அதன் கருத்து. மொஸ்கோத் தொழிலாளிக்குச் செய்த விளம்பரத்திற் பண்டமும் வடிவமும் முதலிடம் பெற்றன. கீழைத்தேயத்தவரை அழைக்கும்போது ஒட்டகம் தேவைப்பட்டது. சாம்ராச்சியத்தை வீழ்த்தியவரின் கண்ணிலும் சாம்ராச்சியத்தின் பார்வை சிறிது எஞ்சியிருந்தது. அங்கு 'நாம்', 'நாங்கள்' ஆயிற்று.

காலப்போக்கில் முறிவு மேலும் ஆழமாயிற்று. 1920களின் இறுதியிற் புதிய பொருளாதாரக் கொள்கை கைவிடப்பட்டது. 1930இல் மாயாகோவ்ஸ்கி தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1932–33இற் கொடிய பஞ்சம் பல இலட்சம் மக்களைக் கொன்றது. 1936இல் உணவுத் தொழில் அமைச்சுப் பொறுப்பிலிருந்த அனஸ்தாஸ் மிக்கோயான் அமெரிக்கா சென்று அங்குள்ள உணவுத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். அதன்பின் வந்த சுவரொட்டிகளின் தோற்றம் மாறிற்று. வழவழப்பான வண்ணங்களும், செழித்த உணவு மேசைகளும், அழகிய முகங்களும் மீண்டும் வந்தன. தகரத்திலடைத்த நண்டின் சுவையை எல்லோரும் அறியவேண்டிய காலம் வந்துவிட்டது எனக் கூறும் 1938ஆம் ஆண்டுச் சுவரொட்டி இவ்வகைக்கு நல்ல உதாரணம். பெருங் களையெடுப்பும் கைதுகளும் நடந்த காலம் அது. போட்டியாளர் அற்ற சந்தையிற் பண்டத்தை அறிவிக்க வேண்டிய தேவை குன்றியது. வளம் நிலவுகின்றது என்ற தோற்றத்தை அறிவிக்க வேண்டிய தேவையே எஞ்சியது. சூப்பியின் பொய் இருவரும் அறிந்த பொய். நண்டின் பொய்யோ பார்ப்பவர் தம் வெறுங் கூடையை மறந்து நம்பவேண்டிய பொய். 1923இன் கலைக்கும் 1938இன் கலைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாணியின் வேறுபாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. வாசகரை நடத்தும் முறையிலும் அவை வேறுபட்டன.

4. தேயிலைப் படத்தில் 'அவள்'

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாக வரும் ஏ5 வீதி செங்கலடிச் சந்தியில் முடிகின்றது. தேயிலை மலைகளையும் மட்டக்களப்பு வாவிக்கரையையும் இணைக்கும் வழி இது. செங்கலடித் தேநீர்க் கடையிற் சாயம் ஊற்றுபவருக்கு அத்தேயிலை எங்கிருந்து வருகின்றது என்பதை விளக்க விளம்பரம் வேண்டியதில்லை. ஆனால் இலண்டனில் வாழ்ந்தவருக்கு வேண்டியிருந்தது.

1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்ற கருத்தைத் தம் வியாபார முத்திரையாக்கினார். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளுக்கும் விளம்பரங்களுக்கும் அடையாளமாயிற்று. 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை, குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களை வாங்குமாறு தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு பெருஞ் சுவரொட்டிகளை வெளியிட்டது. 1932இல் இலங்கையிலேயே தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. இவ்விளம்பரங்களின் ஓவியத்திறன் குறைவானதன்று. பசுமையும் மலையும் மூடுபனியும் கண்ணைக் கவர்வன.

ஆனால் இப்படங்களின் இலக்கணம் யாது? 'நாங்கள்' என்பது கம்பனி. 'நீங்கள்' என்பது இலண்டன் இல்லத்தரசி. கொழுந்து பறிப்பவள் 'அவள்'. மொஸ்கோச் சுவரொட்டி தொழிலாளியை வாசகராக முன்னிலையில் வைத்தது. தேயிலைச் சுவரொட்டி தொழிலாளியைக் காட்சியாகப் படர்க்கையில் வைத்தது. தன்னைப் பற்றிய படத்தை அவள் படிக்கவேண்டுமென எவரும் எதிர்பார்க்கவில்லை. அவளது புன்னகையும் சேலையின் நிறமும் பண்டத்தின் பகுதியாயின.

இலக்கணத்தின் இக்கொடுமை பின்னர் சட்டமாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எந்நாட்டின் பெயரைச் சொல்லித் தேயிலை உலகெங்கும் விற்கப்பட்டதோ அந்நாட்டின் பிரசையாக இருக்கும் உரிமை, அத்தேயிலையின் முகமாக விளங்கியவளுக்கு இல்லாதுபோயிற்று. அப்படத்துக்கு விடையாகவே சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் இலங்கையின் தேயிலைத் தோட்டம் பற்றிய தம் ஆங்கில நெடுங்கவிதையை வெளியிட்டார் என வாசித்தல் பொருந்தும். படர்க்கையில் நின்றவளின் உழைப்பும் இழப்பும் அங்குக் கவிதையின் நடுவே வந்தன. திறனாய்வாளர் அக்கவிதையைப் பேசியுள்ளனர். அது எந்தப் படத்துக்கு எதிராக எழுந்ததோ அப்படத்தை ஒப்பிட்டுப் பேசியோர் அரியர்.

5. நாட்காட்டியின் முகமன்

மூன்றாவது மரபு நம் வீட்டுச் சுவருக்கு மிக அண்மையது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்திற் கல்கத்தாவிற் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு முகப்புத்தாள் தேவைப்பட்டது. முகப்புத்தாள் அச்சுத் தொழிலை வளர்த்தது. அச்சுத் தொழில் நாட்காட்டியை உலகெங்குமுள்ள தமிழர் வீடுகளுக்கு அனுப்பியது. நாடகத் திரைச்சீலைகள் எழுதிய அனுபவமுடைய கொண்டைய ராஜுவும் (1898–1976) கோவில்பட்டியில் அவரிடம் பயின்ற சீடர்களும் முருகனையும் இலக்குமியையும் மீனாட்சியையும் வரைந்தனர். கடையின் பெயருக்கென அடியில் வெற்றிடம் விடப்பட்டது.

சிவகாசி நாட்காட்டியைக் கலையென ஏற்காத விமரிசகர் உளர். முகங்களின் ஒருமைப்பாடும் வண்ணங்களின் மிகையும் அவர்கள் கூறும் குற்றங்கள். அவை உண்மையே. எனினும் விளம்பரம் என்ற வகையில் நாட்காட்டியிடம் ஓர் அரிய பண்பு உண்டு. அது பண்டத்தைப் பற்றி ஒரு பொய்யும் கூறுவதில்லை, பண்டத்தையே காட்டுவதில்லை. புடைவைக்கடையின் நாட்காட்டியிற் புடைவை இல்லை. நகைக்கடையினதில் நகை இல்லை, தெய்வம் அணிந்ததைத் தவிர. கடைக்காரர் வருடத் தொடக்கத்தில் தம் வாடிக்கையாளருக்குக் கையிற் கொடுக்கும் அன்பளிப்பு அது. ஆண்டு முடிந்ததும் நாட்தாள் கிழிந்து போகும். படம் சட்டமிடப்பட்டுச் சாமி அறைக்குச் செல்லும். மொஸ்கோச் சுவரொட்டி வாசகரின் அறிவோடு பேசிற்று. நாட்காட்டி வாடிக்கையாளரின் உறவோடு பேசுகின்றது. 'நாங்கள் இன்னார், நீங்கள் எங்களுக்கு வேண்டியவர்' என்பதே அதன் வாசகம். தன்மையும் முன்னிலையும் அதில் நேருக்கு நேர் நிற்கின்றன.

குறை யாதெனின், உறவை உறுதிசெய்யும் நாட்காட்டி உலகை வினவுவதில்லை. பண்டத்தைச் செய்தவர் யார், எங்கிருந்து வந்தது, விலை நியாயமானதா என்ற கேள்விகளுக்குத் தெய்வத்தின் அபயகரத்தின் கீழ் இடமில்லை. தீப்பெட்டித் தொழிலிற் சிறுவர் உழைத்த வரலாற்றை எந்த முகப்புத்தாளும் காட்டியதில்லை. தொழிலாளி இங்குப் படர்க்கையிற்கூட இல்லை.

6. கவிஞன் வராத கடை

இவ்வொப்பீட்டால் இலங்கைக்கென ஒரு வினா எழுகின்றது. மொஸ்கோவைப் போல இங்கும் அரசாங்கப் பண்டங்களும் மக்கள் கடைகளும் இருந்தன. 1949இற் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் அமைக்கப்பட்டது. 1957 முதற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமங்களுக்குப் பரவின. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனப் பொருள், செங்கலடிக்கு வடக்கே அமைந்த வாழைச்சேனைக் காகிதம் ஆகியன தமிழ் மண்ணில் தோன்றிய அரசாங்கத் தொழில்கள். வாழைச்சேனை ஆலையில் வைக்கோல் காகிதமாயிற்று. உழவனின் வயலிலிருந்து மாணவனின் கொப்பிக்குச் செல்லும் அந்தப் பயணத்தைவிட 'நமது தொழிற்றுறை' என்ற தலைப்புக்குப் பொருத்தமான பொருள் வேறெது?

ஆயினும் அக்காகிதத்துக்குத் தன் மாயாகோவ்ஸ்கி கிடைக்கவில்லை. சங்கக்கடை என்றால் வரிசையும் கூப்பனும் என்ற நினைவே எஞ்சிற்று. அரசாங்கம் பண்டத்தை விநியோகித்தது. அதற்கு மொழி தரவில்லை. எழுத்தாளரோ சமுதாய மாற்றத்தைப் பாடினார். சங்கக்கடைச் சுவருக்கு இரண்டு அடி எழுதுவதைத் தம் தொழிலாகக் கருதவில்லை. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1979 முதற் தொலைக்காட்சியும் வந்தபோது அந்த வெற்றிடத்தை வேறு மொழி நிரப்பிற்று. பெரும்பாலும் வேறு மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்குப் பெயர்க்கப்பட்ட விளம்பரங்கள் அவை. சங்கக்கடைகளின் வீழ்ச்சிக்கு விளம்பரமின்மையே காரணம் எனக் கூறுதல் மிகை. முகாமைக் குறைவும் அரசியல் தலையீடும் பின்னர் வந்த போரும் பெரிய காரணங்கள். வாழைச்சேனை ஆலையும் அவ்வகைத் துயரங்களிலேயே நலிந்தது. ஆனால் 'இது நம்முடையது' என்ற உணர்வைப் பண்டத்துக்கு ஊட்டும் சொல் இல்லாதபோது, அது இழக்கப்படுகையில் வருந்துவோரும் குறைவாகவே இருப்பர்.

விளம்பரம் கலையாகுமா என்ற பழைய வினாவுக்கு இம்மூன்று மரபுகளும் தனித்தனியே விடை தருகின்றன. ஓவியத்திறன் மூன்றிலும் உண்டு. ஆகவே திறன் மட்டும் அளவுகோலாகாது. பார்ப்பவரையும் செய்பவரையும் எந்த இடத்தில் நிறுத்துகின்றது என்பதே அளவுகோல். மாயாகோவ்ஸ்கியும் ரொட்சென்கோவும் குறுகிய மூன்று ஆண்டுகளில், முழுமையற்ற முறையிலேனும், ஒரு சூப்பியைச் சாக்காக வைத்து 'நாம்' என்று சொல்ல முயன்றனர். அம்முயற்சி அரசியலாற் தோற்றது, கலையாற் தோற்கவில்லை.

செங்கலடிச் சந்தியின் சுவர்களில் இன்றும் விளம்பரங்கள் உள்ளன. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரிக்கும் பெட்டி கடைத்தட்டில் இருக்கின்றது. அவள் வாழும் மலையிலிருந்து வரும் வீதி அக்கடை வாயிலில் வந்து முடிகின்றது. அவளை 'அவள்' என்ற இடத்திலிருந்து எடுத்து 'நாம்' என்ற இடத்தில் வைக்கும் ஒரு தாளைத் தமிழிற் செய்வதற்கு ஓவியரும் கவிஞரும் இன்னும் கடமைப்பட்டுள்ளனர்.